கையால் மரச்சாமான் செய்பவர்களோடு உங்கள் அனுபவம்: என் மேசை வெடித்த கதை

மரவேலை செய்யும் ஒருவரோடு நெருங்கிப் பழகியவர்கள் இங்கே எழுதுங்கள். நான் முதலில் சொல்கிறேன்.

வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது, தேக்கில் கையால் செய்தது என்று சொன்ன ஒரு கடையில் மேசை வாங்கினேன். ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம். மேலே தேக்குப் பலகை, கீழே இரும்புச் சட்டம். வந்து இறங்கிய அன்று அம்மா உட்பட எல்லோரும் ஒரு முறை தடவிப் பார்த்தார்கள். பங்குனியில் ஒரு மதியம், ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் ‘பட்’டென்று ஒரு சத்தம். வலது முனையில் தொடங்கி நீளவாக்கில் ஒரு முழத்துக்கு வெடித்திருந்தது. கடைக்காரரிடம் கேட்டால், மரம் என்றால் வெடிக்கத்தான் செய்யும், மக்கு வைத்து அடைத்துவிடுங்கள் என்றார்.

எங்கள் ஊர் தென்காசி. மாமாதான் செங்கோட்டைப் பக்கம் ஒரு ஆசாரியிடம் கூட்டிப் போனார். எழுபது வயதைத் தாண்டியவர். வீட்டுக்குப் பின்னால் ஓட்டுச் சாய்ப்பு, அதுதான் பட்டறை. நாங்கள் போனபோது தரையில் உட்கார்ந்து, ஒரு சட்டத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உளி போட்டுக்கொண்டிருந்தார். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். மேற்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. “அடியில எப்படி பிடிச்சிருக்கான்? அதைக் காட்டுங்க” என்றார்.

அந்தப் படம் என்னிடம் இல்லை. மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. சட்டத்தைச் சுற்றிலும் பன்னிரண்டு திருகாணி, எல்லாம் இம்மியும் அசையாத முறுக்கு.

“தம்பி, மழைக்கு வீட்டுக் கதவு பிடிக்கும்லா? வெயிலுக்குச் சரியாயிரும்லா? அதே சமாச்சாரந்தான். பலகை அகலத்துல கூடும், குறையும். இவன் நாலு பக்கமும் கட்டிப் போட்டுட்டான். அது எங்க போவும்? தன்னைத்தானே கிழிச்சுக்கிடும்.”

நீளவாக்கில் மரம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஈரம் ஏறுவதும் இறங்குவதும் அகலத்தில்தான் தெரியும். இத்தனை வருடம் மழைக்காலத்தில் கதவை இடித்துச் சாத்தியும் இது எனக்கு உறைத்ததில்லை.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு வியப்பு. “இப்ப தொட மாட்டேன். ஆனி பிறக்கட்டும், சாரல் விழட்டும். அப்ப கொண்டாங்க.” உடனே பசை போட்டு இறுக்கினால் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு வருமாம். மரம் இழந்த ஈரத்தை அதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனியில் கொண்டுபோய்ப் போட்டேன். மூன்று வாரம் அந்தச் சாய்ப்பில் சும்மா கிடந்தது. போய்ப் பார்த்தபோது வெடிப்பு முக்கால்வாசி தானாகவே கூடியிருந்தது.

வேலை நடந்த இரண்டு நாளும் கூடவே இருந்தேன். ஒரு பழைய கட்டில் காலிலிருந்து எடுத்த ஈட்டி மரத் துண்டில், உடுக்கை மாதிரி நடு ஒடுங்கிய மூன்று கட்டைகள் அறுத்தார். அதை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, பென்சிலால் வரையாமல் கத்தி முனையால் சுற்றிக் கீறினார். பென்சில் கோட்டுக்கு ஒரு கனம் உண்டு, கத்திக் கோட்டுக்குக் கிடையாது. அந்தக் கீறலில் உளியின் வாய் தானாகப் போய் உட்காரும். பள்ளம் எடுத்ததும் பசை தடவி, கட்டையை வைத்துக் கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலால் தட்டினார். முதலில் பொத்தென்று ஒரு சத்தம் வந்தது, தட்டத் தட்ட அது இறுகிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் கணீரென்று கேட்டது, கையை எடுத்துவிட்டார். “இதுக்கு மேல ஒரு அடி போட்டா பலகை பிளந்துரும்.” அதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை, காதால் கேட்டுச் சொன்னார்.

கடைசியாக இரும்புச் சட்டத்தின் வட்டத் துளைகளை அரத்தால் ராவி, மேசையின் அகலப் போக்கில் நீட்டினார். நடு வரிசையை மட்டும் அப்படியே விட்டார். “நடுவுல பிடி இருக்கணும். ரெண்டு பக்கமும் போக வர இருக்கட்டும்.” பலகையின் ஓரம் அன்றைக்கு எங்கே நின்றது என்று சட்டத்தில் ஒரு பென்சில் கோடும் போட்டுவிட்டார். கூலியாக அவர் கேட்டது இரண்டாயிரம். நான் மூவாயிரம் கொடுத்தேன், ஐந்நூறைத் திருப்பித் தந்துவிட்டார்.

*

(மதுரை)

கடைசி வரியைப் படித்ததும் அப்பா நினைவு வந்துவிட்டது. அவர் ஆசாரி, நான் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். அப்பாவின் கணக்கில் மரம் இத்தனை கன அடி, பாலிஷ் இவ்வளவு, வண்டி வாடகை இவ்வளவு என்று எல்லாம் இருக்கும். அவருடைய நாள் மட்டும் இருக்காது. நாற்காலிக்குப் பதினொரு நாள் ஆனது என்று நான் குறித்து வைத்துக் காட்டினால், “பாதி நேரம் சாணை பிடிச்சுக்கிட்டு இருந்தேன்டா, அதுக்கெல்லாமா காசு கேட்பாங்க?” என்பார். சாணை பிடிப்பதும் வேலைதானே! தாத்தா கொடுத்த முக்கால் அங்குல உளி அப்பாவிடம் இருக்கிறது. தீட்டித் தீட்டியே விரல் நீளத்துக்கு வந்துவிட்டது.

கன அடி விலையை மட்டும் வைத்துப் பேரம் பேசுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாங்குகிற மரம் முழுக்கச் சாமானாக மாறாது. தேக்கில் ஓரத்து வெளிறை, அதாவது வெளிர்ந்த இளமரத்தைக் கழிக்க வேண்டும், கணு விழுந்த இடத்தை ஒதுக்க வேண்டும், வளைந்ததை இழைத்து நேராக்க வேண்டும். மஞ்சளும் பழுப்புமாக உள்ளே இருக்கும் வைரம்தான் காலத்துக்கு நிற்கும். வெளிறைக் கரையானும் வண்டும் எளிதாகப் பிடித்துவிடும். ஆனால் அடர்ந்த நிறத்தில் சாயம் ஏற்றிவிட்டால் வெளிறும் வைரமும் ஒன்றாகத் தெரியும். அதனால் பாலிஷ் போடும் முன்பு ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். நல்ல ஆசாரி அதற்குக் கோபப்பட மாட்டார். ‘வெள்ளையா இருக்கும்போது வந்து பார்த்துட்டுப் போங்க’ என்று அப்பாவே போன் போட்டுக் கூப்பிடுவார்.

இன்னொன்று, மரத்தூள். அப்பாவுக்குப் பல வருடமாக இருமல். இழைப்புளியில் இழைத்தால் மரம் சுருள் சுருளாக வரும், அது கீழே விழுந்துவிடும். மிஷினும் உப்புத்தாளும் கிளப்பும் தூள் அந்தரத்தில் நின்று மூக்கில் ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் முகக்கவசம் போடச் சம்மதித்தார். இதைப் படிக்கும் ஆசாரிகள் யாராவது இருந்தால், அண்ணே, தயவு செய்து போட்டுக்கொள்ளுங்கள்.

*

(புதுச்சேரி)

உடுக்கைக் கட்டை என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆரோவில்லில் பன்னாட்டுப் பகுதியில் உள்ள யூனிட்டி பெவிலியனில் ஒரு பெரிய மேசை இருக்கிறது. அமைதி மேசை என்பார்கள். இரண்டு பெரும் பலகைகளைச் சேர்த்த மேசை. ஓரத்தை வெட்டி நேராக்காமல் மரம் வளர்ந்த வளைவிலேயே விட்டிருக்கிறார்கள். பலகைகள் சேரும் இடத்தில் இதே உடுக்கைக் கட்டைகள், ஒளிக்காமல் கண்ணில் படும்படி பதிக்கப்பட்டிருக்கும்.

அதைத் திட்டமிட்டவர் ஜார்ஜ் நகாஷிமா. 1905-ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். கட்டடக்கலை படித்தவர். அரவிந்தர் ஆசிரமத்துக்கு ‘கோல்கொண்ட்’ என்ற விடுதியைக் கட்ட, கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்டின் ஆளாகப் புதுச்சேரி வந்தவர், ஆசிரமத்திலேயே சேர்ந்துவிட்டார். சுந்தரானந்தா என்று அவருக்குப் பெயர் வைத்தவர் அரவிந்தர். அந்த விடுதிக்கு நகாஷிமா மரச்சாமான்களும் வடிவமைத்தார். பெரிய ஆளாவதற்கு முன் அவர் கை பழகியது எங்கள் ஊரில்தான் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

1939-ல் ஊரை விட்டுப் போனார். 1942-ல் ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோவின் மினிடோகா முகாமில் அடைத்தார்கள். அங்கே அடைபட்டிருந்த கெந்தாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சரிடம் கைக்கருவிகளையும் இணைப்புகளையும் முறையாகக் கற்றார். படித்த கட்டடக் கலைஞர், முகாமில் ஒரு தச்சருக்குச் சீடராக உட்கார்ந்தார். எனக்கு அந்த மேசையை விட இதுதான் பெரிதாகத் தோன்றுகிறது. மறுவருடம் ரேமண்ட் பொறுப்பேற்று வெளியே எடுத்தார். பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டார், 1990-ல் இறக்கும்வரை அங்கேதான். வெடித்த பலகையைக் கழிக்காமல், வெடிப்புக்குக் குறுக்கே கட்டை பதித்து அதையே அழகாக்கியதுதான் அவருடைய அடையாளம். ஆரோவில் மேசை 1996-ல் வந்தது. அப்போது பட்டறையை நடத்தியவர் அவர் மகள் மீரா, முகாமில் இருந்த அதே கைக்குழந்தை.

உங்கள் செங்கோட்டை ஆசாரி இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். இருந்தாலும் இருவர் கையும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

*

(தென்காசி, மீண்டும்)

புதுச்சேரி நண்பர் எழுதியதை ஆசாரியிடம் போய்ப் படித்துக் காட்டினேன். மேசைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். “கட்டையோட நார் ஓட்டம் வெடிப்புக்குக் குறுக்கதான் போவுது. சரியாத்தான் வச்சிருக்கார்” என்றார். அப்புறம் உள்ளே கூப்பிட்டு, கல்யாணமான புதிதில் தான் செய்த பூவரசு பெஞ்சைக் காட்டினார். ஒரு இரும்பு ஆணி கிடையாது. கால் சேரும் இடத்தில் எல்லாம் மூங்கில் ஆணிதான். பேரப்பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

மதுரை நண்பருக்கு: முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். வைத்துக்கொண்டார், போடுகிறாரா என்று அடுத்த முறை பார்க்க வேண்டும்.

மேசை இப்போது ஒரு பங்குனியைக் கடந்துவிட்டது. அதே அறை, அதே ஏசி. நேற்று கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பலகையின் ஓரம் பென்சில் கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கிறது. திருகாணிகளும் நீட்டிய துளைக்குள் அதே அளவு நகர்ந்திருக்கின்றன. மேலே வெடிப்பு திறக்கவில்லை.