ஒர்டினஷூன், ரெசெப்ட்: இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

வணக்கம் அக்கா.

ஸ்வீடிஷ் மருத்துவக் குறிப்புகளை ஆங்கிலமாக்கும்போது ஒர்டினஷூன் (மருந்து பற்றிய முடிவு), ஃபோர்ஸ்க்ரீவ்னிங் (மருந்து எழுதுவது), ரெசெப்ட் (மருந்துக்கடைக்குப் போவது) மூன்றுக்கும் ‘பிரிஸ்கிரிப்ஷன்’ என்றே போடலாமே, தமிழிலும் ‘மருந்துப் பரிந்துரை’ போதுமே என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

போன மாதம் என்னிடம் வந்த ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியில் இப்படி ஒரு வரி: ஒர்டினஷூன் மாறியது, ரெசெப்ட் பழையதே. காலையில் ஒன்று என்றிருந்த ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் அரையாகக் குறைத்திருக்கிறார். வீட்டில் மாத்திரை மிச்சமிருந்ததால் புதிதாக எழுதிக் கொடுக்கவில்லை. மருந்துக்கடைக் கணினியில் இன்னும் ‘ஒன்று’தான். இரண்டையும் ‘பிரிஸ்கிரிப்ஷன்’ என்றால், மாறியது எது, மாறாதது எது? வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் எந்த அளவை நம்புவார்?

ஒர்டினஷூன் என்பது நோயாளிக்கு இன்னது செய்ய வேண்டும் என்று தகுதியுள்ளவர் எடுக்கும் முடிவு. ஸ்வீடனின் தேசிய சுகாதார, சமூகநல வாரியம் 2017இல் கொண்டுவந்த விதிமுறையின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. வார்டில் நர்ஸ் அலமாரி மருந்தை எடுத்து ஊசி போடுகிறாரே, அங்கே ஒர்டினஷூன் உண்டு, ரெசெப்ட் கிடையாது. ரெசெப்ட் மருந்துக்கடைக்குப் போவது. சமையல் குறிப்புக்கும் அதே பெயர். மருந்துக்கான ரெசெப்ட்டை எழுதும் செயல் ஃபோர்ஸ்க்ரீவ்னிங்.

ஆங்கிலத்தில் ஒர்டினஷூனுக்கு ‘மெடிக்கேஷன் ஆர்டர்’ என்று எழுதுகிறேன். அமெரிக்க மருத்துவமனைகளில் நாள்தோறும் புழங்கும் சொல். எழுத்தொலியைப் பார்த்து ‘ஆர்டினேஷன்’ என்று விட்டுவிடக்கூடாது. ஆங்கிலத்தில் அது ஒருவரைப் பாதிரியாராகத் திருநிலைப்படுத்துவது.

தமிழுக்கு வருவோம். பரிந்துரை என்றால் ஏற்கலாம், விடலாம். நர்ஸுக்கு அந்த விருப்பம் இல்லை. அதனால் ஒர்டினஷூனுக்கு ‘மருந்துப் பணிப்பு’, ஃபோர்ஸ்க்ரீவ்னிங்குக்கு ‘மருந்தெழுதல்’, ரெசெப்ட்டுக்கு ‘மருந்துச்சீட்டு’. ‘டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார்’ என்கிறோம். ஸ்வீடிஷ்காரர்களும் ‘ஸ்க்ரீவா ஊட்’ என்று எழுதுவதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் நோயாளியை வீட்டுக்கு அனுப்பினாலும், தாளில் அச்செடுத்தாலும் அதே வினைதான். மொழிபெயர்க்கும்போது செயப்படுபொருளைப் பார்க்காமல் கைவைக்காதீர்கள்.

*

தம்பி, பணிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. இலங்கையில் ‘பணிப்புரை’ அன்றாடச் சொல், அதனால் அந்நியமாக இராது. ‘மருந்தாணை’ என்று யாராவது கேட்பார்கள். அது கலெக்டர் ஆபீஸ் வாசனை அடிக்கும், வேண்டாம். சீட்டில்தான் தயக்கம். ஸ்வீடனில் அடையாள அட்டையைக் காட்டினால் கணினியைப் பார்த்து மருந்து தருகிறார்கள். சீட்டே இல்லாத இடத்தில் சீட்டா?

*

அக்கா, செல்பேசியில் வந்தாலும் பயணச்சீட்டைப் பயணச்சீட்டு என்றுதானே சொல்கிறோம். தாள் போனாலும் பெயர் நிற்கட்டும்.

ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரே ரெசெப்ட்டில் பலமுறை மருந்து வாங்க முடியும். ஒவ்வொரு முறை வாங்குவதும் ஒரு ‘ஊட்டாக்’. வங்கியில் பணம் எடுப்பதற்கும் இதே சொல். ‘எடுப்பு’ என்று நேராகப் போட்டுப் பார்த்தேன்: ‘நான்கு எடுப்பு’. மருந்துக்கடையில் நிற்பவருக்குப் புரியாது. ‘நாலு தடவை வாங்கலாம்’ என்றே சீட்டில் எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். கலைச்சொல் பட்டியலில் மட்டும் ‘மருந்துபெறல்’ இருக்கட்டுமா?