62 முக்குளிப்புகளோடு டெக்னிக்கல் பயிற்சிக்குப் போகலாமா?

ஓஎம்ஆர்வாசி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். சோழிங்கநல்லூரில் வசிக்கிறேன். புதுச்சேரி, அந்தமானின் ஹேவ்லாக், நீலாங்கரைக்கு அப்பாலுள்ள கடல் என இதுவரை 62 முறை ஸ்கூபா முக்குளித்திருக்கிறேன். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகச் சேர்த்த காற்று) பயிற்சியும் முடித்தாயிற்று. பாடி (PADI) என்னும் முக்குளிப்புப் பயிற்சி அமைப்பு (அம்பத்தூர்ப் பக்கத்துப் பாடி அல்ல) டெக் 40 என்னும் தன் தொடக்க டெக்னிக்கல் பயிற்சிக்கு 30 முக்குளிப்புகளையே கேட்கிறது. என்னிடம் அதைப்போல இரு மடங்கு இருப்பதால், வரும் பிப்ரவரியில் தாய்லாந்தின் கோ தாவ் தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றிருக்கிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவரோ, 200 ஆகும்வரை அந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார். இந்த 200 எங்கிருந்து வந்தது?

கடற்கிழவன் எழுதியது:
தம்பி, 200 எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் உங்கள் ஆசிரியர் பக்கமே நான் நிற்கிறேன். பொழுதுபோக்கு முக்குளிப்பில் 40 மீட்டர் என்ற எல்லையும் நேர வரம்பும் வைத்திருப்பதற்குக் காரணம், எந்தக் கணத்தில் சிக்கல் வந்தாலும் நீங்கள் நேராக மேலே வந்துவிட முடிய வேண்டும் என்பதுதான். டீகம்ப்ரஷன் கடமை (உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, மேலே வரும் வழியில் நின்று நின்று வர வேண்டிய கட்டாயம்) சேர்ந்த மறுகணமே உங்கள் தலைக்குமேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை வந்துவிடுகிறது. டெக் 40 அனுமதிப்பது பத்து நிமிட நிறுத்தம் மட்டுமே என்றாலும், கண்ணாடிக்குள் நீர் புகுந்து, கூட்டாளியும் காணாமல் போன நிலையில், 6 மீட்டர் ஆழத்தில் அந்தப் பத்து நிமிடத்தை அசையாமல் கழிக்க உங்களால் முடியுமா? அந்த 62இல் வழிகாட்டியின் துடுப்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனவை எத்தனை, நீங்களே திட்டமிட்டு இன்னொருவரை அழைத்துச் சென்றவை எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

வங்காளவிரிகுடா எழுதியது:
கடைசிக் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை 200 அல்ல. தவறான பழக்கத்தோடு 200 முறை இறங்குகிறவர் அந்தத் தவற்றில்தான் தேர்ச்சி பெறுவார். கால் தாழ்ந்து, மணலைக் கிளப்பிக்கொண்டு, நிறுத்தத்தில் கயிற்றைப் பிடித்தே நின்று பழகியவரை நேராக்குவதற்குப் புதியவருக்குக் கற்றுத்தருவதைவிட அதிக நாள் பிடிக்கிறது. இதை நீச்சல் குளத்தில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே டெக் 40க்கு முன்னால் ஓர் அறிமுகப் பயிற்சியை இப்போதே எடுப்பது நல்லது. உடலைக் கிடைமட்டமாக வைத்திருப்பது, தவளை உதை, பின்னோக்கி நீந்துவது, இரட்டைச் சிலிண்டரின் வால்வுகளைத் தோளுக்குப் பின்னால் கைவிட்டு மூடித் திறப்பது ஆகியவற்றுக்கு ஆழமே தேவையில்லை. மூன்று மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நம் சென்னைக் கலங்கல் கடலைத் திட்டுகிறோம். இருக்குமிடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவையை மேலே அனுப்பிப் பழக அதைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது.

ஓஎம்ஆர்வாசிக்கு ஒரு கணக்கு. 40 மீட்டர் ஆழத்தில் உங்கள் கூட்டாளியின் காற்று நின்றுபோகிறது. இருவரும் உங்கள் சிலிண்டரிலிருந்தே மூச்சுவிட்டு மேலே வர வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று வையுங்கள். அங்கே அழுத்தம் 5 பார் (மேற்பரப்பில் 1 பார்) என்பதால், நிலைமையைச் சமாளிக்கும் முதல் நிமிடத்துக்கே 300 லிட்டர் போய்விடும். மேலே ஏறும் 4 நிமிடங்களுக்குச் சராசரி 3 பார் அழுத்தத்தில் 720 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க 270. மொத்தம் 1290 லிட்டர். நாம் வழக்கமாகத் தூக்கும் 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் அது 116 பார். 50 பார் மிச்சத்தோடு படகுக்கு வந்தால் போதும் என்று பழகியிருக்கிறோமே, இந்த ஆழத்தில் அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள்.

கடற்கிழவன் எழுதியது:
கணக்கு சரி. ஆனால் அது என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது: இந்தக் கணக்கைப் போடாமலேயே 62 முறை இறங்கியவரை அடுத்த படிக்கு அனுப்பச் சொல்கிறீர்கள். ஆழம் கூடும்போது புதிதாக வரும் ஆபத்து ஒன்றைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. நிறுத்தங்களில் பயன்படுத்த 50 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட சிலிண்டரைப் பக்கவாட்டில் மாட்டிச் செல்வோம். 21 மீட்டருக்கு மேலே வந்த பிறகுதான் அதை வாயில் வைக்க வேண்டும். 40 மீட்டரில் குழாய் மாறிப்போனால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) 2.5 பார்; ஏற்கப்பட்ட உச்சம் 1.6. அங்கே எச்சரிக்கையே இல்லாமல் வலிப்பு வரலாம், நீருக்குள் வலிப்பு வந்தால் மூழ்கிச் சாவதுதான் முடிவு. அதனால்தான் சிலிண்டரின் மேல் ஆழத்தைப் பெரிய எண்ணில் எழுதி ஒட்டுகிறோம், கூட்டாளி அதைப் படித்துத் தலையசைக்கும்வரை மாற்றுவதில்லை. மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்பார்கள்; தாய்லாந்தில் அன்று காலைதான் அறிமுகமாகும் ஒருவர் அந்த மச்சானாக இருக்க முடியாது. முதலில் இங்கேயே ஒரு நிலையான கூட்டாளியைத் தேடிக்கொள்ளுங்கள்.

வங்காளவிரிகுடா எழுதியது:
கூட்டாளி விஷயத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். எண்ணிக்கை விஷயத்தில் இல்லை.

அடையாறு மருத்துவர் எழுதியது:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். பல நாள் முக்குளித்த பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்வது பொழுதுபோக்கு முக்குளிப்புக்கான வழிகாட்டல். டீகம்ப்ரஷன் செய்தவர்கள் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். லீவு முடிகிறது என்று கடைசி நாள் மாலையிலேயே சென்னை விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிட வேண்டாம்.

ஓஎம்ஆர்வாசி எழுதியது:
எண்ணிப் பார்த்தேன். நானே திட்டமிட்டு நடத்தியவை 62இல் 4 மட்டுமே. ஞாயிறன்று நீலாங்கரையில் இறங்கி, மூச்சின் அளவையும் கணக்கிட்டேன்: 15 மீட்டரில் 20 நிமிடத்துக்கு 100 பார் செலவாயிற்று. 11.1 லிட்டர் சிலிண்டரில் அது 1110 லிட்டர்; அதை 20 நிமிடத்தாலும் அங்குள்ள அழுத்தமான 2.5ஆலும் வகுத்தால், மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 22 லிட்டர் வருகிறது. பிப்ரவரிப் பயணத்தை நிறுத்தவில்லை. டெக் 40க்குப் பதிலாக அறிமுகப் பயிற்சிக்கு மட்டும் பதிந்திருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவரும் உடன் வருகிறார்.

கடற்கிழவன் எழுதியது:
22 என்பது சும்மா மிதந்தபோது வந்த எண். இரட்டைச் சிலிண்டரைச் சுமந்துகொண்டு, நீரோட்டத்தை எதிர்த்துப் பத்து நிமிடம் நீந்திவிட்டு, மறுபடி அளந்து இங்கே எழுதுங்கள். அந்த நண்பருடைய எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.