கோயில் மளிகை அறை: தடைக்காலத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

தடைக்காலத்தில் வருமானம் இல்லாத வீடுகளுக்குக் கொடுக்க, நம்ம கிறிஸ்தவக் கோயிலில் மளிகை சேர்த்து வைக்கிற அறை பத்தி மூணு ஊர்க்காரங்க சொல்றது இது.

பாம்பன் பக்கத்திலிருந்து:

விசைப்படகு மீன்பிடிக்கப் போகக் கூடாத தடைக்காலம் நம்ம கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஏப்ரல் 14 அன்றே அறை நிறைந்திருக்கணும். தடை தொடங்கின பிறகு வசூலுக்குப் போனால் கொடுக்கிறவர் வீட்டிலும் அடுப்பு யோசிச்சுத்தான் எரியும், ஏன்னா அவருக்கும் அதே கடல்தான். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் ஏறக்குறைய இதுக்கு முன்னாடி வருது. அந்த வாரங்களில் அன்பியம் அன்பியமாக (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்னக் குழு) சேர்த்தால்தான் கணக்கு ஒத்துவரும்.

எல்லாரும் முதலில் அரிசி மூட்டையைத்தான் இறக்குறாங்க. அட்டை இருக்கிற வீட்டுக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் வந்துடுது. சோத்துக்கு மேல ஊத்துறதுக்குத்தான் இல்லை. ரேஷனில் வாங்குற ஒரு கிலோ துவரம்பருப்பும் ஒரு லிட்டர் பாமாயிலும் நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாசம் முழுக்க வராது. மீனும் இல்லாத மாசம் வேற. அதனால் ஒரு வீட்டுக்கு மாசம் 2 கிலோ பருப்பு, 1 லிட்டர் எண்ணெய், அரைக் கிலோ புளி, கால் கிலோ மிளகாய், 2 துணி சோப்பு என்று வையுங்க. 40 வீடு என்றால் இரண்டு மாசத்துக்கு 160 கிலோ பருப்பு, 80 லிட்டர் எண்ணெய், 40 கிலோ புளி, 20 கிலோ மிளகாய். மிளகாயை மார்ச்சிலேயே, அறுப்பு நேரத்தில், நம்ம ஊர் முண்டு ரகமாகவே (குண்டு மிளகாய்) வாங்கிடலாம். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கணும். சத்தம் வரலைன்னா ஈரம் இருக்கு, இன்னும் காயணும்.

வீட்டுக்கு வீடு கைப்பிடி எடுத்து வெச்சுக் கொடுக்கிற பிடி அரிசியை நிறுத்தாதீங்க, இல்லாத வீடும் கொடுக்க முடிகிற ஒரே காணிக்கை அது. ஆனா பல ரக அரிசி கலந்து வரும், சோறு வடிச்சால் பாதி குழையும், பாதி வேகாது. கழுவிக் காயவெச்சு மாவாக்கிட்டா புட்டு, கஞ்சிக்கு ஆகும். தனியா இருக்கிற வயசானவங்களுக்கு அதுதான் சௌகரியம். ரேஷன் அரிசியை மட்டும் விலைக்கு வாங்கி மூட்டையா அடுக்காதீங்க. கோயிலா இருந்தாலும் கடத்தல் என்று கேள்வி வரும்.

மண்டபம் பக்கத்திலிருந்து:

பாம்பன் அண்ணன் சொன்ன 160 கிலோ பருப்பைக் கடற்கரையில் கெடாம வைக்கிறதுதான் பெரிய வேலை. தகர டின் வேண்டாம், உப்புக்காத்து ஒரே மழைக்காலத்தில் அடியைத் தின்னுடும். வளையம் போட்டு இறுக்குற மூடி உள்ள பிளாஸ்டிக் டிரம் நல்லது. 80 லிட்டர் டிரம்மில் 50 கிலோ பருப்பு கொட்டியும் கை விட இடம் இருக்கும். நம்ம ஊரில் சும்மா கிடைக்கிற நீல டிரம்மில் முன்னாடி டீசலோ மருந்தோ இருந்திருக்கும், எத்தனை தடவை கழுவினாலும் அது உணவுக்கு ஆகாது.

பருப்பை டிரம்மில் போடுறதுக்கு முன்னாடி மொட்டைமாடியில் காயப்போடுங்க. மத்தியானம் கடல்காத்து ஏறுறதுக்குள்ள அள்ளி, நிழலில் நல்லா ஆறவிட்டு அப்புறம் மூடுங்க. சூட்டோட மூடினால் மூடிக்கு உள்பக்கம் வேர்க்கும், அந்தத் தண்ணி சொட்டுற இடத்தில் பூஞ்சை கட்டும். டிரம்மைப் பலகை மேல, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்க. வாங்கின தேதியை மூடியில் எழுதி, பழசை முன்னாடி எடுங்க. வண்டுக்கு வேப்பிலைச் சருகு கொஞ்சம் உதவும், மாசம் ஒரு தடவை புடைச்சுப் பார்க்கிறதுதான் நம்பகம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாராவது கொண்டுவந்தால் கண்டிப்பா மறுத்துடுங்க. அதிலிருந்து வர்ற பாஸ்பீன் வாயு ஆளையே கொல்லும்.

காரல் மீன் கருவாடு மலிவா வரும்போது வாங்கி வைக்கலாம், ஆனா வேற அறையில. ஒரே அறை என்றால் பருப்பு முழுக்க அந்த வாடை ஏறிடும். சிவப்பாகப் பூத்ததை எடுத்துப் போட்டுடுங்க.

தொண்டிப் பக்கத்திலிருந்து:

யாருக்குக் கொடுக்கிறது என்பதையும் சேர்த்துக்கலாம். தடை நாட்டுப்படகுக்கு இல்லை. ரொம்ப அடிபடுறது விசைப்படகில் கூலிக்குப் போறவங்க, மீன் தரம் பிரிக்கிற, கருவாடு போடுற அக்காமார். இவங்களில் பலருக்குப் படகு இல்லாததால் மீனவர் சங்கப் பட்டியலில் பேர் இருக்காது. பட்டியலை நம்பினால் இவங்களைத்தான் விட்டுடுவோம். அன்பியத்துக்கு ரெண்டு பெண்கள் வீடு வீடா விசாரிக்கட்டும், பள்ளிவாசல் தெருவையும் அம்மன் கோயில் தெருவையும் விடாம. பேரைப் பூசையில் வாசிக்கவே கூடாது, போட்டோவும் கூடாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓலைப்பெட்டி கொடுத்து, எடுத்துட்டுப் போக சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கதவைத் திறந்து வெச்சால் போதும்.

வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்து, தங்கள் சொந்தச் சேமிப்பை வங்கி வழியா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேற நாட்டுக் குடியுரிமை வாங்கினவர் அனுப்பினால் ஆகும், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாம அதைத் தொடக் கூடாது. பங்குத்தந்தை கணக்கு எண் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுக்கிடணும்.