செக் ப்ரெட்ஸ்லீக் வீட்டில் செய்தால் வெளுத்துச் சுருங்கிப் போகிறது, எங்கே தவறு?

தக்கலை_அடுக்களை:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி செக் நாட்டில் பிர்னோ நகரத்தில் வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்தவன், நான் ஆசையாகச் செய்து வைத்த முந்திரிக்கொத்தைத் தின்றுகொண்டே அங்கே கிடைக்கிற ப்ரெட்ஸ்லீக்கைப் பற்றித்தான் பேசுகிறான். மாவைக் கயிறு மாதிரி உருட்டி, இரண்டு முனையையும் பின்னி மடித்த ரொட்டி. வெளியே நல்ல செம்பழுப்பு, உள்ளே பஞ்சு, மேலே உப்புக்கல்லும், சீரகம் போலிருக்கும் கேரவே விதையும். இன்னும் பத்து நாளில் கிளம்பிவிடுவான், அதற்குள் ஒரு தடவையாவது சரியாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று மூன்று முறை முயன்றுவிட்டேன், மூன்றும் சரியாக வரவில்லை.

மைதா அரைக் கிலோ, வெதுவெதுப்பான பால் 320 மில்லி, ஈஸ்ட் 10 கிராம், வெண்ணெய் 40 கிராம், கொஞ்சம் சர்க்கரை, உப்பு. ஒரு மணி நேரம் மூடி வைத்தேன், அது பொங்கி வழிந்து கையில் ஒட்டுகிறது. அப்புறம் அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து இரண்டு ஸ்பூன் ஆப்பசோடா போட்டு ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் முக்கி எடுத்தேன். சட்டி உள்ளே கறுத்துப் போனது. ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவன்) 200 டிகிரி, 20 நிமிடம். நிறம் வரவே இல்லை, வெந்த இடியாப்பம் மாதிரி வெளிறி, தோல் முழுக்கச் சுருக்கம். மறுநாள் பார்த்தால் மேலே போட்ட உப்பு கரைந்து ரொட்டி நசநசவென்று ஈரமாகிவிட்டது. யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_மாவுக்காரன்:
அக்கா, பேக்கரியில் பல வருடம் மாவு பிசைந்தவன் சொல்கிறேன், உங்கள் சுருக்கம் மாவிலேயே ஆரம்பித்துவிட்டது. குளிர்நாட்டுச் சமையல் குறிப்பில் வெதுவெதுப்பான பால் என்று எழுதியிருப்பது அங்குள்ள அடுக்களைக்கு. நம்ம ஊரில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரி இருக்கும்போது அந்தப் பாலும் 10 கிராம் ஈஸ்ட்டும் சேர்ந்தால் மாவு அரை மணியிலேயே புளிக்கப் பார்க்கும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பால் ஊற்றுங்கள், ஈஸ்ட் 4, 5 கிராம் போதும். பாலும் அதிகம். அரைக் கிலோவுக்கு 260, 270 மில்லியில் நிறுத்துங்கள். மழைக்காலமாக இருந்தால் மைதாவே ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அப்போது இன்னும் ஒரு கை குறையும். பரோட்டா மாவை விடக் கெட்டியாக, கையில் ஒட்டாமல் வர வேண்டும். பத்து நிமிடம் நன்றாக அடித்துப் பிசையுங்கள்.

அரை மணிக்கு மேல் பொங்க விடாதீர்கள். 90 கிராம் உருண்டையாகப் பிரித்து, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, 55 சென்டிமீட்டர் வரைக்கும் உருட்டுங்கள், நடு பருத்தும் முனை மெலிந்தும் இருக்கட்டும். மாவு இழுத்த இழுப்புக்கு வராமல் சுருண்டு திரும்பினால் சண்டை போடாதீர்கள், பரோட்டா உருண்டையை ஊறவைப்பது போல ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி உருட்டினால் தானாக நீளும். பின்னி முடித்ததும் தட்டோடு மூடாமல் ஃபிரிட்ஜில் 40 நிமிடம். இதுதான் முக்கியம். மேல்தோல் காய்ந்து இறுகும், எடுத்துத் தண்ணீரில் போடும்போது வடிவம் குலையாது, சுருங்காது. ஒரு நிமிடம் எல்லாம் வேக விடக்கூடாது, 20 எண்ணுவதற்குள் எடுத்துவிடுங்கள்.

வேதியியல்_டீச்சர்_கோட்டாறு:
மாவு விஷயம் மேலே சொன்னது சரி. நிறம் வராததற்குக் காரணம் உங்கள் ஆப்பசோடாவின் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான அல்கலி) போதவில்லை. செம்பழுப்பு வருவது மாவில் உள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்வதால்தான், காரத்தன்மை கூடினால் அது வேகமாக நடக்கும். கடைகளில் இதற்குச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் பயன்படுத்துகிறார்கள், சோப்பு காய்ச்சுகிற அதே காரம்தான், உணவுத் தரத்தில் நீர்க்கக் கலந்தது. வீட்டில் குழந்தைகள் இருக்கும் அடுக்களையில் அதைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள், கண்ணில் தெறித்தால் பார்வையே போகும்.

அதற்குப் பதில் ஆப்பசோடாவையே வறுக்கலாம். 100 கிராமை எவர்சில்வர் தட்டில் பரப்பி ஓடிஜியில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி சோடியம் பைகார்பனேட் சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். மாறியதா என்று தெரிய தராசு போதும், 100 கிராம் ஏறக்குறைய 63 கிராமாகக் குறைந்திருக்க வேண்டும். ஆப்பசோடா கரைசலின் பிஎச், அதாவது காரத்தன்மையைக் காட்டும் எண், 8க்குச் சற்று மேலே, வறுத்ததற்கு 11 வரும். மூன்று எண்தானே என்று நினைக்காதீர்கள், பிஎச்சில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு, அதனால் காரம் ஆயிரம் மடங்கு ஏறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் போடுங்கள். கையுறை மாட்டிக்கொள்ளுங்கள், கரண்டியால் எடுங்கள். அலுமினியம் வேண்டாம், காரம் அதை அரிக்கும், உங்கள் சட்டி கறுத்தது அதனால்தான். பேக்கிங் தட்டும் அலுமினியமாக இருந்தால் பட்டர் பேப்பர் போட்டுக்கொள்ளுங்கள். துணி துவைக்க விற்கிற வாஷிங் சோடாவும் பெயரளவில் இதே பொருள்தான், ஆனால் சாப்பாட்டுக்கான தரம் இல்லை, அதை வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம் 200 டிகிரி போதாது. 220, 230 வைத்து 12 முதல் 15 நிமிடம்.

பிர்னோவில்_குமரிப்பெண்:
ஊர் ஆட்கள் ப்ரெட்ஸ்லீக் பற்றிப் பேசுவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். இங்கே வீட்டில் செய்கிறவர்கள் எல்லாரும் காரத்தில் முக்குவதில்லை, முட்டை அடித்து மேலே தடவி உப்பும் விதையும் தூவி அப்படியே சுடுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பளபளப்பு வரும், ஆனால் அந்தக் காரம் கலந்த மணம் வராது. தம்பி கேட்பது மணம் என்றால் டீச்சர் சொன்ன வழியில் போங்கள்.

கேரவேயை இங்கே க்மீன் என்பார்கள். நம்ம சீரகம் அதற்கு ஈடாகாது, ரசம் வாசனை வந்துவிடும். கருஞ்சீரகம் வேறு. பிரியாணிக்குப் போடுகிற ஷாஜீரா கிட்டத்தட்ட ஒத்துவரும். கசகசா தூவுவதும் உண்டு, இங்கே அது நீலச்சாம்பல் நிறம், நம்ம ஊர் வெள்ளைக் கசகசா போட்டாலும் ருசிதான். ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், நம்ம மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார்கள். துபாய், சவுதி பக்கம் போகிறவர்கள் பெட்டியில் கசகசாவோ அது தூவிய ரொட்டியோ வைக்கவே வைக்காதீர்கள், அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். உங்கள் தம்பி துபாய் வழியாக விமானம் மாறுகிறவர் என்றாலும் இதேதான்.

தொட்டுக்கொள்ள, தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பூண்டு தட்டிப் போட்டு, மிளகும் உப்பும் சேர்த்துக் குழைத்துக் கொடுங்கள். அவர் அடையாளம் கண்டுகொள்வார்.

மார்த்தாண்டம்_மாவுக்காரன்:
உப்பு கரைவது பற்றி யாரும் சொல்லவில்லையே. கடல்காற்றில் கல்லுப்பு எப்படியும் ஈரம் இழுக்கும். வெறும் சட்டியில் வறுத்து, ஒன்றிரண்டாகத் தட்டி, சுடுவதற்கு முன் தூவுங்கள், அதுவும் அன்றே தின்கிற எண்ணிக்கைக்கு மட்டும். மீதியை உப்பில்லாமல் சுட்டு வைத்து, மறுநாள் தோசைக்கல்லில் மூடிச் சூடாக்கி, தண்ணீர் லேசாகத் தொட்டு உப்பு தூவினால் போதும்.

தக்கலை_அடுக்களை:
நேற்று செய்தேன், நிறம் வந்துவிட்டது! எட்டில் ஆறு அப்படியே தேங்காய்ச் சிரட்டை நிறத்தில் வந்தன, இரண்டு மட்டும் தடித்த பக்கத்தில் தாறுமாறாக வெடித்தன. தம்பி அடுப்படியிலேயே நின்று சூட்டோடு மூன்று தின்றான், இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும் என்றான். அந்த வெடிப்புக்கு என்ன செய்ய? மீதி வறுத்த சோடாவை எப்படி வைக்கட்டும்?

வேதியியல்_டீச்சர்_கோட்டாறு:
காரத்தண்ணீரில் இருந்து எடுத்ததும் தடித்த பக்கத்தில் பிளேடால் ஒரு நீளக் கீறல் போடுங்கள், அந்த இடத்தில் மட்டும் அழகாகப் பிளக்கும். சோடாவைக் காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மேலே பெரிதாக எழுதி ஒட்டி, ஆப்பசோடா இருக்கும் அலமாரியில் இருந்து தள்ளி வையுங்கள். வீட்டில் வேறு யாராவது அதை எடுத்து ஆப்பமாவில் போட்டுவிடக்கூடாது.