ஜெர்மனியில் சிறு தொழில்: எக்செல் கணக்கும் மின்னஞ்சல் பில்களும் ஜி.ஓ.பி.டி. விதிகளுக்குப் பொருந்துமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் தனி ஆளாக இணையதள வடிவமைப்புத் தொழில் செய்கிறேன். வரவிலிருந்து செலவைக் கழித்து லாபம் காட்டும் எளிய முறையில்தான் வரிக்கணக்குத் தாக்கல் செய்கிறேன். கணக்கு முழுவதும் ஒரே எக்செல் கோப்பில் இருக்கிறது. மின்னஞ்சலில் வரும் பில்களை அச்சிட்டு வைத்துக்கொண்டு மடலை அழித்துவிடுவது வழக்கம். வரிக்கான கணக்கையும் ஆவணங்களையும் மின்வடிவில் எப்படி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் ஜி.ஓ.பி.டி. (GoBD) விதிகள் என்னையும் கட்டுப்படுத்துமா? காகித பில்களை ஸ்கேன் செய்துவிட்டுக் கிழித்துப் போடலாமா, எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1

கட்டுப்படுத்தும். வரிக்காகப் பதிவேடு வைக்கக் கடமைப்பட்ட அனைவருக்கும், எளிய முறையில் லாபம் கணக்கிடுபவர்கள் உட்பட, இவை பொருந்தும். இவ்விதிகளை வகுத்து ஜெர்மனியின் மத்திய நிதி அமைச்சகம் 2014 நவம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை 2019-இல் புதுப்பிக்கப்பட்டு, 2024-இலும் 2025-இலும் திருத்தப்பட்டது. ஆனாலும் அதன் உயிர்நாடி மாறவில்லை: ஒருமுறை பதிந்த எதையும் தடயமின்றி மாற்ற முடியக் கூடாது. எக்செல் இடறுவது அங்கேதான். அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் 119 யூரோ என்று இருந்ததை 191 என்று மாற்றிச் சேமித்தால், முன்பு என்ன இருந்தது, எப்போது மாறியது என்பதற்குக் கோப்பில் அடையாளம் மிஞ்சாது. கணக்கு நேர்மையானதாகவே இருந்தாலும் அதை நிறுவ வழியில்லாமல் போகும். வரி ஆய்வாளருக்குக் கணக்கேட்டின் மீது நம்பிக்கை போய்விட்டால், ஃபினான்ஸாம்ட் (வரி அலுவலகம்) வருமானத்தைத் தானே மதிப்பிட்டு வரி விதிக்கலாம்.

அதைவிடப் பெரிய ஓட்டை உங்கள் மின்னஞ்சல் வழக்கத்தில் இருக்கிறது. மின்வடிவில் வந்தது மின்வடிவிலேயே இருக்க வேண்டும். அச்சுப் பிரதி அதற்கு ஈடாகாது. இணைப்பைச் சுமந்து வந்த வெற்று உறையாக மட்டும் இருந்தால் மடலை அழிக்கலாம். மடலிலேயே விலையோ நிபந்தனையோ பேசப்பட்டிருந்தால் அதுவும் ஆவணமே. உள்நாட்டுத் தொழில்முனைவோர் தமக்குள் அனுப்பும் மின் இன்வாய்ஸை 2025 ஜனவரி 1 முதல் நீங்களும் பெற்றாக வேண்டும். அவற்றில் ட்சுக்ஃபெர்ட் (ZUGFeRD) என்ற வகை, பார்வைக்குச் சாதாரண பி.டி.எஃப். போலத்தான் இருக்கும், உள்ளே பொதிந்திருக்கும், கணினி நேரடியாகப் படிக்கும் எக்ஸ்.எம்.எல். தரவுதான் உண்மையான இன்வாய்ஸ். அச்சிட்டுவிட்டுக் கோப்பை அழித்தால் அதைத்தான் இழக்கிறீர்கள்.

பதில் 2

எக்செல்லுக்கு நேரடித் தடை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றத்தைத் தடுக்கும் கூடுதல் ஏற்பாடு இல்லாமல் சாதாரணக் கோப்பாக வைப்பதுதான் குறை. அந்த ஏற்பாட்டுக்குச் செலவிடும் உழைப்பைக் காட்டிலும் ஒரு கணக்கு மென்பொருளுக்குச் சந்தா கட்டுவது மலிவு என்பது என் கருத்து.

காகித பில்லை ஸ்கேன் செய்தபின் அழிக்கலாம்; கைப்பேசியில் எடுத்த படமும் செல்லும். ஆனால் யார், எப்போது படமெடுக்கிறார், தெளிவாக இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்க்கிறார், எங்கே சேமிக்கிறார், காகிதம் எப்போது அழிகிறது என்பதையெல்லாம் விவரிக்கும் செயல்முறை ஆவணம் எழுத்தில் இருக்க வேண்டும். தனி ஆளுக்கு அது இரண்டு மூன்று பக்கங்களில் அடங்கிவிடும். மசி மங்கும் வெப்பத்தாள் ரசீதுகளை உடனே படமெடுத்துவிடுங்கள். சில சுங்க ஆவணங்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

காலவரம்பு: கணக்கேடுகளுக்கு 10 ஆண்டுகள், வணிகக் கடிதங்களுக்கு 6. பில், ரசீது போன்ற பதிவுச் சான்றுகளுக்கு 10 ஆக இருந்தது 2025 முதல் 8 ஆகக் குறைந்தது. ஆவணம் உருவான ஆண்டின் முடிவிலிருந்து எண்ண வேண்டும் என்பதால், 2016-ஆம் ஆண்டு பில்களுக்கான காலம் 2024 இறுதியிலேயே முடிந்துவிட்டது. அந்த ஆண்டின் வரி விவகாரம் ஏதேனும் இன்னும் முடிவாகாமல் இருந்தால் அவற்றில் கை வைக்காதீர்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. 'ஜி.ஓ.பி.டி. சான்று பெற்றது' என்று விளம்பரம் செய்யும் மென்பொருளை வாங்கினால் போதுமா? பின்னாளில் வேறொன்றுக்கு மாறினால் என்ன ஆகும்?

பதில் 1

அந்தச் சான்று வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி. ஃபினான்ஸாம்ட்டை அது கட்டுப்படுத்தாது. பதிவுகளை உரிய காலத்தில் இறுதி செய்து பூட்டாமல் விட்டால் எந்த மென்பொருளும் உங்களைக் காப்பாற்றாது. மாறும்போது, சந்தா முடிவதற்குள் பழைய தரவு முழுவதையும், திருத்த வரலாறு உட்பட, கணினியால் அலசக்கூடிய வடிவில் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள், பி.டி.எஃப். பட்டியல் மட்டும் போதாது. மாற்றத்துக்கு அடுத்து வரும் ஐந்தாம் ஆண்டு முடிந்த பிறகு பழைய நிரலை இயக்கிக் காட்ட வேண்டியதில்லை, தரவைச் சேமிப்பகத்தில் கொடுத்தாலே போதும். அதுவரை ஆய்வாளர் பழைய தரவை நிரலிலேயே பார்க்கக் கேட்கலாம். குறித்த கெடுவுக்குள் கொடுக்கத் தவறினால் விதிக்கக்கூடிய தாமதக் கட்டணம் 2,500 யூரோவில் தொடங்கி 2,50,000 யூரோ வரை போகும்.