40 லேப்டாப்பிலும் ஈசிஎன்-ஐ முதலிலிருந்தே ஆன் செய்து கொடுக்கலாமா?

எச்எஸ்ஆர்_நெட்ஒர்க்
பெங்களூரு எச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு அலுவலகத்துக்கு லினக்ஸ் இமேஜ் தயார் செய்கிறேன். 100 எம்பிபிஎஸ் ஃபைபர், ஓபன்டபிள்யூஆர்டி (லினக்ஸ் சார்ந்த ரூட்டர் மென்பொருள்) ஓடும் ரூட்டர். ஒருத்தர் பெரிய ஃபைல் அப்லோட் போட்டாலே மற்றவர்களின் வீடியோ கால் திணறுகிறது. நெரிசல் வந்தால் பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் அதில் குறி போட்டுச் சொல்லும் வசதிதான் ஈசிஎன். அதற்கான டிசிபி_ஈசிஎன் மதிப்பு கெர்னலில் 2 என்று இருக்கிறது. இமேஜிலேயே 1 ஆக்கிவிட்டால் போதுமா? எதெல்லாம் உடையும்?

வரிசைக்காரன்
2 என்றால், எதிர்முனை கேட்டால் ஒத்துக்கொள்ளும், தானாகக் கேட்காது. 1 போட்டால் தானும் கேட்கும். பெயரில் ஐபிவி4 என்று இருந்தாலும் ஐபிவி6-க்கும் இதே அமைப்புதான். கெர்னல் அமைப்புகளை எழுதும் சிஸ்சிடிஎல்.டி ஃபோல்டரில் ஒரு வரி போதும்.

உடைவது இங்கேதான்: சில பழைய ஃபயர்வால்கள், ஈசிஈ, சிடபிள்யூஆர் என்ற ஈசிஎன் கொடிகளோடு வரும் சின் பாக்கெட்டை, அதாவது இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்டை, சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். டிசிபி_ஈசிஎன்_ஃபால்பேக் 1 ஆக இருந்தால் கெர்னல் ஒரு விநாடி காத்திருந்து, கொடி இல்லாமல் மறுபடி சின் அனுப்பும். ஆகவே அதைத் தொடாதீர்கள். ஏதாவது ஒரு தளம் மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு விநாடி தாமதமாகத் திறந்தால் காரணம் இதுதான். அந்த முகவரிக்கு மட்டும் ரூட்டரில் ஐபிடேபிள்ஸ் (பாக்கெட் விதிகள் எழுதும் கருவி) மாங்கிள் டேபிளில் ஈசிஎன் டார்கெட் போட்டு கொடிகளை நீக்கிவிடலாம்.

கோடெல்_பக்தர்
மேலே சொன்னது சரி, ஆனால் உங்கள் திணறலுக்கு அது மருந்தில்லை. வீடியோ கால் பெரும்பாலும் டிசிபியில் அல்ல, யுடிபி என்ற வேறு நெறிமுறையில் போகும், டிசிபி அமைப்பு அதைத் தொடாது. அப்லோட் நிரப்பும் பாக்கெட் வரிசையைச் சுருக்கினால்தான் காலுக்கு மூச்சு விடும். அந்த வரிசை இப்போது இருப்பது உங்கள் ரூட்டரில் இல்லை, அதற்கு வெளியே, ஃபைபர் மோடத்தில். அங்கே யாரும் பாக்கெட்டில் குறி போட மாட்டார்கள்.

எஸ்க்யூஎம் (வரிசையைக் கட்டுப்படுத்தும் ரூட்டர் தொகுப்பு) நிறுவி, அப்லோட், டவுன்லோட் இரண்டுக்கும் 90 முதல் 95 எம்பிபிஎஸ் வரம்பு வையுங்கள். அப்போதுதான் வரிசை உங்கள் கைக்கு வரும். அதில் வரிசையைக் கையாளும் முறையாகக் கேக் தேர்ந்தெடுத்தால் ஈசிஎன் தானாகவே உண்டு. எஃப்க்யூ-கோடெல் என்ற இன்னொரு முறையின் ஸ்கிரிப்ட் என்றால் கவனம், எஸ்க்யூஎம்மில் அப்லோட் பக்கம் ஈசிஎன் ஆஃப் ஆகத்தான் வரும், நீங்கள்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பின் லேப்டாப்பின் பாக்கெட் தூக்கிப் போடப்படாமல் குறியோடு போகும். சர்வர் அதைத் திருப்பிச் சொன்னதும் லேப்டாப்பின் க்யூபிக் (டிசிபியின் வேகக் கட்டுப்பாட்டு முறை) தன் விண்டோவை, அதாவது பதில் வருமுன் அனுப்பும் அளவை, 0.7 மடங்காகக் குறைத்துக்கொள்ளும். மறு அனுப்பலே தேவையில்லை.

டாஸ்_பைட்
இன்னொரு பொறி. ரூட்டரில் யாராவது க்யூஓஎஸ்-க்காக (எதற்கு முன்னுரிமை என்று பிரிப்பது) ஐபிடேபிள்ஸில், ஐபி தலைப்பின் டாஸ் பைட்டை மாற்றும் டாஸ் டார்கெட் எழுதியிருக்கிறார்களா பாருங்கள். மாஸ்க் (எந்த பிட்டை மாற்றலாம் என்ற வரம்பு) தராவிட்டால் அது பைட் முழுவதையும் மாற்றும், கடைசி 2 பிட் ஈசிஎன்னும் சேர்ந்து அழியும். எழுதிய மதிப்பில் அந்த 2 பிட்டும் 11 ஆக அமைந்துவிட்டால் இன்னும் மோசம்: எல்லா பாக்கெட்டும் நெரிசலில் சிக்கியதாகத் தெரியும், வேகம் ஏறவே ஏறாது. டிஎஸ்சிபி டார்கெட் அதே பைட்டில் முன்னுரிமைக்கான முதல் 6 பிட்டை மட்டும் தொடும், அதையே பயன்படுத்துங்கள்.

எச்எஸ்ஆர்_நெட்ஒர்க்
நன்றி. பாதி பேர் ஒயர்கார்ட் விபிஎன் வழியாகத்தான் வேலை செய்கிறார்கள், அதற்குள் குறி தங்குமா? வேலை செய்கிறதா என்று எங்கே பார்ப்பது?

வரிசைக்காரன்
தங்கும். ஒயர்கார்ட் உள் பாக்கெட்டின் ஈசிஎன் பிட்டை வெளிப் பாக்கெட்டிலும் நகலெடுத்து வைக்கும், வழியில் விழுந்த நெரிசல் குறியை உள்ளேயும் எழுதும்.

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில், லேப்டாப்பின் சின்னில் எஸ், ஈ, டபிள்யூ மூன்றும், பதிலில் எஸ், புள்ளி, ஈ-யும் வர வேண்டும். பதிலில் ஈ இல்லையென்றால் அந்த சர்வர் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய அப்லோட் ஓடும்போது ரூட்டரில் டிசி (வரிசைகளை நிர்வகிக்கும் கட்டளை) புள்ளிவிவரத்தைப் பாருங்கள், எஃப்க்யூ-கோடெல்லில் ஈசிஎன்_மார்க் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். பூஜ்யத்திலேயே நின்றால் வரம்பை இன்னும் 2 எம்பிபிஎஸ் இறக்கிப் பாருங்கள்.