‘கற்றல்நாடல்’: ஆரம்ப வகுப்பில் பரீட்சையின் இடத்துக்கு ஒரு சொல்

மடல் 1: மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து, ஓய்வுபெற்ற ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகர்

கல்விச் சொற்றொகுதி மடற்குழும உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

தரம் 1 முதல் தரம் 3 வரையான வகுப்புகளில் தவணைப் பரீட்சையைக் கைவிட்டால், அதன் இடத்தில் ஆசிரியர் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று அக்கரைப்பற்று உறுப்பினர் கேட்டிருந்தார். வந்த மறுமொழிகளுள் பெரும்பாலானவை ‘தொடர் கணிப்பீடு’, ‘தொடர் மதிப்பீடு’, ‘வளரறி மதிப்பீடு’ ஆகிய மூன்றுள் ஒன்றை முன்மொழிகின்றன. மூன்றும் வழக்கில் உள்ளவை என்பதால், புதுச்சொல் எதற்கு என்று கேட்பது நியாயமே. ஆயினும் இவை கருத்தளவில் எவ்வளவு சரியாக வரையறுக்கப்பட்டிருந்தாலும், வகுப்பறைக்குள் வரும்போது புள்ளியைக் கையோடு அழைத்துக்கொண்டே வருகின்றன என்பது என் வாதம்.

இலங்கைக் கல்விப் புலத்தில் அளவீடு, கணிப்பீடு, மதிப்பீடு ஆகிய மூன்றையும் வேறுபடுத்தியே வழங்குகிறோம். எண்ணாகப் பெறுவது அளவீடு. தகவல் திரட்டி நிலையை அறிவது கணிப்பீடு. அறிந்ததைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது மதிப்பீடு. தமிழ்நாட்டில் பின்னிரண்டுக்கும் ‘மதிப்பீடு’ என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்து வருகிறது. எங்கள் பாகுபாடு நுட்பமானதுதான். ஆனால் ‘கணி’ என்ற பகுதி எண்ணுதலையும் சோதிடத்தையும் விட்டு இன்னும் விலகவில்லை. ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர் மற்றவரிடம் ‘கணிப்பீடு முடிந்ததா?’ என்று கேட்டால், புள்ளி இட்டுப் பதிவேட்டை நிரப்பியாயிற்றா என்பதே அதற்குப் பொருள்.

சென்னை உறுப்பினர் பரிந்துரைத்த ‘வளரறி மதிப்பீடு’ ஓசையிலும் பொருளிலும் நல்ல ஆக்கம். ஆனால் அது நடைமுறைக்கு வந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 2012இல் தமிழ்நாட்டில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு புகுத்தப்பட்டபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும் பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. வளர்வதை அறிவதற்கென்று பிறந்த சொல் அன்றே நூற்றில் நாற்பதாகிவிட்டது. ‘மதிப்பீடு’ என்ற பின்னொட்டு அதற்கு இடம் கொடுத்தது என்றே நினைக்கிறேன். மூலச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதாலும் பயனில்லை. ‘வளரறி’ என்பதற்கு மூலமான ‘போர்மேட்டிவ்’ (formative) என்ற ஆங்கில அடைமொழியை மதிப்பீட்டறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் கையாண்டது பாடத்திட்டங்களை மதிப்பிடுவது பற்றிய விவாதத்தில்தான். அதை மாணவர் கற்றலுக்குக் கொண்டுவந்தவர் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம். ஆக, பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பிறந்த சொல்லன்று அது. நாம் கருத்திலிருந்து தொடங்குவதே நல்லது.

கருத்து எது? எங்கள் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முன்னோடியாகத் தொடங்கி 1999இல் நாடெங்கும் விரிந்தபோது, ஆரம்ப வகுப்புகள் மூன்று முதன்மை நிலைகளாக வகுக்கப்பட்டன. தரம் 1, 2 அடங்கிய முதல் நிலையில் விளையாட்டும் செயற்பாடும் முதலிடம் பெறும். மேசை வேலை குறைவாக இருக்கும். மேல் வகுப்புக்குப் போகப் போக மேசை வேலை கூடும். அந்த ஏற்பாட்டை எழுதியவர்கள் ஐந்து வயதுப் பிள்ளையை அறிந்தவர்கள். ஆனால் தவணை முடிவில் வரும் அச்சிட்ட வினாத்தாள் மேசை வேலையை மட்டுமே கேட்கிறது. பெரும் பகுதியை விளையாட்டாகக் கற்பித்துவிட்டு, மிகச் சிறிய பகுதியை மட்டும் சோதித்து, அதைப் பிள்ளையின் தரம் என்று வீட்டுக்கு அனுப்புகிறோம்.

தாய்மொழிப் பாடத்தில் நாம் நாள்தோறும் காண்பது ஒன்றைச் சொல்கிறேன். சொல்வதெழுதலில் ஒரு பிள்ளை ‘வாழை’ என்பதை ‘வாளை’ என்று எழுதினால் வினாத்தாளுக்கு அது பிழை. அத்தோடு காரியம் முடிந்தது. ஆசிரியர் அருகே அமர்ந்து அந்தச் சொல்லைப் பிள்ளையைக் கொண்டே சொல்லவைத்துப் பார்த்தால் நிலைமை வேறாகத் தெரியும். பிள்ளை ழகரத்தைத் தெளிவாக ஒலித்துவிட்டு ளகரத்தை எழுதியிருந்தால், குறை எழுத்து வடிவத்தை நினைவில் வைப்பதில் இருக்கிறது. வாயிலும் ளகரமே வந்தால், எங்கள் ஊர்ப் பேச்சில் அவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால், பிள்ளை தான் கேட்டதை மிகச் சரியாக எழுதியிருக்கிறது. முதற்பிள்ளைக்கு எழுத்து அட்டையும், இரண்டாம் பிள்ளைக்குப் பாட்டும் ஒலிப் பயிற்சியும் வேண்டும். சிவப்பு மையால் இட்ட ஒரே அடையாளம் இந்த இரு பிள்ளைகளையும் ஒன்றாக்கிவிடுகிறது.

கணிதத்திலும் இப்படியே. 100இலிருந்து 65ஐக் கழிக்கும் கணக்கை மேலும் கீழுமாக எழுதித் தந்தால் திணறும் பிள்ளை, கல்முனைச் சந்தையில் தாயோடு நின்று 65 ரூபாய் போக மிச்சம் எவ்வளவு என்று சரியாகச் சொல்லும். எப்படிச் சொன்னாய் என்று கேட்டால், 65க்கு மேல் ஐந்து சேர்த்து எழுபது, பிறகு முப்பது சேர்த்து நூறு என்று ஏறிப்போகும். அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியும். இடப்பெறுமானம் பார்த்துக் கடன் எடுக்கும் எழுத்து முறைதான் தெரியாது. அந்த வேறுபாட்டை அறிந்த ஆசிரியர் அடுத்த நாள் எண்கோட்டை எடுப்பார். அறியாதவர் அதே கணக்கை இன்னும் பத்துத் தடவை கொடுப்பார்.

ஆகவே நாம் பெயர் தேடும் வேலை இதுதான்: பிள்ளை கற்றுக்கொண்டிருக்கும்போதே அதன் கற்றல் எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று தேடிக் கண்டு, அடுத்ததாக என்ன செய்வது என்பதை அதிலிருந்தே தீர்மானிப்பது. மூன்றாம் பகுதி இல்லாவிட்டால் முதலிரண்டும் வெறும் பதிவே.

முன்வந்த வேறு சொற்களைச் சுருக்கமாகப் பார்க்கிறேன். ‘அவதானிப்பு’ இதன் கருவிகளுள் ஒன்று, முழுமையன்று. ‘கண்காணிப்பு’ மேற்பார்வைக்கு வரும் அதிகாரியை நினைவூட்டுகிறது. ‘கூர்நோக்கு’ என்றால் தமிழ்நாட்டு வாசகருக்கு, சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லம்தான் முதலில் தோன்றும். ‘நிலையறிகை’ எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் உளவியல் பாடநூல்களில் ‘அறிகை’ சிந்தித்து அறியும் மனச்செயல் என்ற வேறொரு கருத்துக்கு நிலைபெற்றுவிட்டது. ‘அறிகை விருத்தி’ என்று படித்துத் தேறிய ஆசிரியர் இதை அப்படியே பொருள்கொள்வார்.

நான் முன்மொழிவது ‘நாடல்’. வைத்தியரை நாடினார், உதவி நாடினார் என்று இன்றும் வழங்கும் வினை இது. ஆராய்தல் என்ற பழைய பொருள் குறளில் தெளிவாக இருக்கிறது. ‘நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி’ என்ற 948ஆம் குறள் நான் மேலே கூறிய மூன்று பகுதிகளையும் அதே வரிசையில் சொல்கிறது: எது, ஏன், இனி என்ன. தனியே ‘நாடல்’ என்றால் எதை என்ற கேள்வி எழும் என்பதால் ‘கற்றல்நாடல்’ என்று சேர்த்து வழங்கலாம். ‘நிலைநாடல்’ கூடாது, அச்சில் ஓரெழுத்துப் பிசகினால் ‘நிலைநாட்டல்’ ஆகி, சுற்றறிக்கை முழுவதும் வேறு பொருள் தரும். வினையாகவும் இது இயல்பாக வருகிறது: ‘ஆசிரியர் பிள்ளையின் கற்றலை நாடினார்.’ ‘கற்றல்நாடலுக்கு 40 புள்ளி’ என்று ஒருவர் எழுத முற்பட்டால், அந்தத் தொடரே அவருக்கு இடறும். ஒரு கலைச்சொல்லிடம் இதைவிட அதிகம் எதிர்பார்க்க முடியாது.

1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு எங்களுக்குத் தெற்கே, கொஞ்சத் தூரத்தில்தான் இருக்கிறது. எனவே புதுச்சொல் ஆக்குவது மட்டக்களப்பார் வேலையில்லை என்று எவரும் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மடல் 2: சம்மாந்துறையிலிருந்து, தரம் 2 வகுப்பாசிரியை

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கும் ஏனைய உறுப்பினர்களுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்குக் காட்டிய சான்று பிடிக்கவில்லை. 948ஆம் குறள் மருந்து அதிகாரத்தில் இருக்கிறது. அதை அடியாக வைத்தால் கற்றுக்கொள்ளும் பிள்ளை நோயாளியாகவும், பிழை நோயாகவும் ஆகிவிடும். எங்கள் வகுப்புகளில் ஏற்கெனவே ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு வரிசையைத் தனியே இருத்தும் பழக்கம் இருக்கிறது. ஐயா சொன்ன சந்தைப் பிள்ளையிடம் முதலில் காணவேண்டியது ஏறிப்போய் எண்ணும் கெட்டித்தனம்தான். கடன் எடுக்கத் தெரியாமை அதற்குப் பிறகு வருவது. ஆகவே வரையறையில் பிள்ளைக்கு இயன்றது முதலிலும், இயலாதது பின்னரும் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் உள்ளதுபோல அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயர் வைக்கலாம் என ஓர் உறுப்பினர் எழுதியிருந்தார். பெயர்கள் இனிமையானவைதான். ஆனால் ‘என் மகன் இன்னும் அரும்பிலேயே இருக்கிறான்’ என்று தாய் சொல்லத் தொடங்கினால், அது புள்ளிக்கு இன்னொரு பெயராகிவிடும். நாடப்படுவது பிள்ளையன்று, பிள்ளையின் கற்றல். வாசிப்பில் முன்னே நிற்கும் பிள்ளை எண்ணில் பின்னே நிற்கலாம். ‘கற்றல்’ என்ற முன்சொல்லை எந்தச் சுருக்கத்திலும் விடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இனி நடைமுறை. முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பாடத்திலும் நாளாந்தம் நாடிப் பதிவுசெய்ய முடியாது. ஒரு நாளைக்கு நான்கைந்து பிள்ளைகள், அவர்களைப் பற்றி ஒவ்வொரு வரி என்றால் முடியும். அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகளுக்கு எதிரே அடையாளமிடும் அட்டவணைகளில் எங்களுக்குப் போகிற நேரத்தை எடுத்து, இந்த ஒற்றை வரிக்குக் கொடுத்தாலே போதும். மாசியில் பெரும்போக அறுவடை நடக்கும்போது பெற்றாரோடு வயல் வாடிக்குப் போய்விட்டுக் கிழமைக் கணக்கில் கழித்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தவணைப் பரீட்சைக்கு அவர்கள் ‘வரவில்லை’ என்ற ஒரு குறி மட்டுமே. விட்ட இடம் எது என்று சொல்லும் ஒரு வரி இருந்தால் திரும்பி வந்த அன்றே தொடங்கலாம்.

பெற்றாரின் கேள்வியையும் நாம் மதிக்க வேண்டும். பரீட்சை இல்லாவிட்டால் பிள்ளை படிக்காது என்பவர்களுக்கு விடை சொல்லலாம். ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் எங்கள் பக்கத்து வயற்கிராமங்களிலும், தவணை முடிவில் வரும் தேர்ச்சி அறிக்கைதான் பாடசாலையிடமிருந்து வீட்டுக்குப் போகும் ஒரே செய்தி. அதை எடுத்துவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால், பாடசாலை பொறுப்பைக் கைகழுவிவிட்டது என்றே அவர்கள் எண்ணுவார்கள். அந்த எண்ணத்தைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் குறிப்பும் எழுதி, பக்கத்தில் புள்ளியும் போட்டால் என்ன என்று சில அதிபர்கள் கேட்கிறார்கள். அதற்கு உறுப்பினர்களின் விடை என்ன?

மடல் 3: கல்லடியிலிருந்து

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

மருந்து அதிகாரம் பற்றிய தடையை ஏற்கிறேன். 504ஆம் குறளில் ‘குணம்நாடிக் குற்றமும் நாடி’ என்று குணமே முதலில் வருகிறது. தாங்கள் கேட்கும் வரிசை அது. ஆனால் அக்குறள் ‘மிகைநாடி மிக்க கொளல்’ என்று, ஒருவரைத் தெரிவு செய்வதில் போய் முடிகிறது. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை செய்வதும் அதைத்தான்: வெட்டுப்புள்ளியிட்டுச் சிலரைத் தெரிகிறது. தெரிவு ஒரு சமூகத் தேவையாக இருக்கலாம். இங்கே பேசப்படுவது அதுவன்று. எனவே சொற்றொகுதியில் எந்தக் குறளையும் சான்றாகக் காட்டாமல், வரையறையைப் பின்வருமாறு அமைக்கலாம்: “கற்றல்நாடல்: கற்றல் நிகழும்போதே பிள்ளைக்கு இயன்றதையும் அடுத்து இயலவேண்டியதையும் காரணத்தோடு கண்டறிந்து, கற்பித்தலை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளல்.”

குறிப்போடு புள்ளியும் போடுவது பற்றி ஆய்வே இருக்கிறது. ரூத் பட்லர் இஸ்ரேலிய மாணவரிடம் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். புள்ளி மட்டும் பெற்றவர்களும், புள்ளியையும் கருத்துரையையும் சேர்த்துப் பெற்றவர்களும் அப்படி முன்னேறவில்லை. எண் கண்ணில் பட்டதும் எழுத்தை வாசிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. வளர்ந்தவர்கள் நாமும் அப்படித்தானே. பரீட்சையை நிறுத்தினால் தரம் விழுந்துவிடும் என்பாருக்கு வேறு நாடுகளைக் காட்டலாம். பெறுபேறுகளில் பெயர்போன சிங்கப்பூர், 2019இலிருந்து தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் புள்ளி சேரும் பரீட்சைகளை முற்றாக நீக்கியதோடு, தேர்ச்சி அறிக்கையில் வகுப்பு நிலை குறிப்பதையும் விட்டது. மலேசியாவும் அதே ஆண்டில் முதல் மூன்று ஆண்டுகளின் பரீட்சைகளை நிறுத்தியது. இவ்விரு நாடுகளிலும் தமிழ் கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால், இந்தச் சொல் எங்கள் மாகாணத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை.

இலங்கையில் 2026இல் தரம் 1 இலிருந்து சீர்திருத்தம் தொடங்குவதாக அறிவிக்கப்பட்ட பிறகு, பரீட்சைக் குறைப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். குறைப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். அந்த இடத்தில் வைப்பதற்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும். கிழக்கில் பல கல்வி வலயங்கள் பொது வினாத்தாள் தயாரித்து அச்சிடுவதற்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை, கல்குடாவிலோ திருக்கோவிலிலோ ஒரு வலயமாவது, ஆசிரியர் கூடிப் பிள்ளைகளின் எழுத்து வேலையைச் சேர்ந்து பார்க்கும் அமர்வுகளுக்குத் திருப்பிப் பார்க்கலாம். ஒரே பிழைக்கு மூன்று ஆசிரியர் மூன்று காரணம் சொல்வதை ஒரு தடவை கேட்டவருக்கு இச்சொல்லின் பொருள் விளங்கிவிடும்.

கிளைச்சொற்களாக இரண்டைச் சேர்க்கிறேன். ஆசிரியர் எழுதும் ஒற்றை வரி ‘நாடற்குறிப்பு’; கண்டறிவதற்கென்றே கொடுக்கும் சிறு வேலை ‘நாடற்செயல்’. தாங்கள் ‘கற்றல்’ என்ற முன்சொல்லை விடக்கூடாது என்றீர்கள். கிளைச்சொற்களில் அது நீண்டுவிடும் என்பதால் அங்கே மட்டும் விட்டிருக்கிறேன். வீட்டுக்குப் போகும் தாளுக்குப் புதுப்பெயர் வேண்டாம்; ‘தேர்ச்சி அறிக்கை’ பெற்றாருக்குப் பழகிய பெயர், உள்ளே இருக்கும் புள்ளி நிரலை எடுத்துவிட்டு மூன்று நான்கு நாடற்குறிப்புகளை எழுதினால் போதுமானது. ‘நாடற்செயல்’ பற்றி எனக்கே ஒரு தயக்கம் இருக்கிறது: ‘செயற்பாடு’ என்ற சொல் ஆரம்ப வகுப்பில் ஏற்கெனவே நிலைத்திருக்கும்போது ‘செயல்’ அதோடு மயங்குமா, ‘நாடற்பணி’ மேலா என்பதை வகுப்பில் இருப்பவர்கள் சொன்னால், அதன்படி பதிவைத் திருத்திச் சொற்றொகுதிக் குழுவுக்கு அனுப்புகிறேன்.